உழைப்பின் மேன்மை யாருக்கு

கல்வியில் மதிப்பீடுகள் வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் அந்த மதிப்பீடு யாருடைய பிள்ளையை நோக்கிப் பேசுகிறது என்பது பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகிறது.

1953இல் ராஜாஜி சென்னை ராஜ்யத்தில் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். கிராமப் பள்ளிகளில் பாட நேரம் மூன்று மணியாகக் குறைந்தது. அதே கட்டடம், அதே ஆசிரியர், இரண்டு முறை. அதிகச் செலவில்லாமல் அதிகப் பிள்ளைகள். மீதி நேரத்தில் பிள்ளை தகப்பன் தொழிலைக் கற்கவேண்டும். சிக்கனக் கணக்கு ஒருபுறமிருக்க, உழைப்பின் மேன்மையை ராஜாஜி மனப்பூர்வமாகவே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். நம் வட்டத்தில் இதைச் சொன்னால் சண்டை வரும். வரட்டும். பொய்யான மதிப்பீட்டை எதிர்ப்பது சுலபம். இங்கே மதிப்பீடு உண்மையானது, சிக்கலே அதுதான்.

1937இல் காந்தி முன்வைத்த வார்தாத் திட்டத்திலும் கைத்தொழில் உண்டு. ஆனால் அங்கே அதைச் சொல்லித்தருவது பள்ளி. ராட்டை என்றால் வகுப்பிலுள்ள எல்லோருக்கும் ராட்டை. மிராசுதார் மகனும் நூற்றாகவேண்டும். 1953இல் பிள்ளைகள் அவரவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சலவைத் தொழிலாளி மகனுக்கு வெள்ளாவி, குயவர் மகனுக்குச் சக்கரம், கணக்குப்பிள்ளை மகனுக்குக் கணக்கு. எதிர்த்தவர்கள் 'குலக்கல்வி' என்றார்கள். அந்த ஒரு சொல்லில் விமர்சனம் முழுவதும் அடங்கியிருந்தது. 1954இல் ராஜாஜி விலகினார்; காமராஜர் வந்ததும் திட்டம் போயிற்று. மறுவருஷம் ஜனவரியில் இங்கே ஆவடியில் கூடிய காங்கிரஸ், சோஷலிச மாதிரி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது.

2020ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் எல்லாப் பிள்ளைகளும் பழகவேண்டும் என்கிறது. எல்லோருக்கும் என்பதால் இது வார்தாவுக்குப் பக்கத்தில் வருகிறது. பத்து நாளில் யார் திரும்பிவருவார்கள், யார் அங்கேயே தங்கிவிடுவார்கள் என்பது கொள்கையில் எழுதும் விஷயமல்ல.

என் அப்பா அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். தன் வேலையைப் பற்றி அவருக்கிருந்த கர்வம், வங்கிக் கவுண்டரில் எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. ஆனாலும் பட்டறைப் பக்கம் என்னை அவர் விட்டதில்லை, போனால் அடி. உழைப்பின் மேன்மை அவருக்குத் தெரியாததா? தெரிந்தவரே எனக்கு அதை மறுத்தார். எந்தக் கமிஷன் அறிக்கையையும்விட இதை நான் பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். எனக்கு நஷ்டமும் உண்டு. அவருடைய மைக்ரோமீட்டர் எண்ணெய்த் துணியில் சுற்றியபடி என் மேஜை டிராயரில் கிடக்கிறது. ஆங்கிலத்தில் பி.ஏ. படித்த எனக்கு அதில் அளவு பார்க்கத் தெரியாது. அவர் இருந்தபோது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.