யாருக்காக ஓடுவது?

2010 செப்டம்பர் 12. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் சின்சினாட்டியை 38-24 என்று ஜெயித்திருந்தது. ஆட்டம் முடிந்து பத்திரிகையாளர்கள் முன் வந்து நின்ற ராண்டி மாஸ் வெற்றியைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசினார். இந்தப் பருவத்தோடு தன் ஒப்பந்தம் முடிகிறது, புதிய ஒப்பந்தம் பற்றி ஒரு பேச்சும் இல்லை, இங்கே எனக்கு மதிப்பில்லை என்று தோன்றுகிறது என்றார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அதே அணியின் டாம் பிரேடிக்கு நான்காண்டு நீட்டிப்பு கிடைத்திருந்தது. மாஸுக்கு வயது 33.

அக்டோபர் 6ஆம் தேதி அவரை மினசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இது மெஸ்ஸி ஆடுகிற கால்பந்து இல்லை. அமெரிக்கர்கள் கையில் பந்தை வைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம், அவர்கள் அதைத்தான் ஃபுட்பால் என்பார்கள். ஐரோப்பியக் கிளப்புகளில் ஒரு வீரரை விற்க வேண்டுமென்றால் அவரும் சம்மதிக்க வேண்டும். அமெரிக்காவின் என்.எஃப்.எல்லில் பெரும்பாலான வீரர்களுக்கு அந்த உரிமை கிடையாது. 'டிரேட்' என்றால் பண்டமாற்றேதான். கல்லூரி வீரர்களை அணிகள் வரிசை போட்டு ஏழு சுற்றுகளில் தேர்ந்தெடுக்கும். அந்த வரிசையில் உள்ள இடமே ஒரு நாணயம். மாஸுக்கு மினசோட்டா கொடுத்தது மூன்றாம் சுற்றில் ஓர் இடம். இன்னும் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிற, பெயர் தெரியாத ஒரு பையனுக்கு ஈடாக, ஆட்டத்தின் வரலாற்றிலேயே பெரிய திறமைகளில் ஒன்று கைமாறியது.

"திறமை இருக்கு, ஆனா மனசு வச்சு ஆட மாட்டான்." மாஸைப் பற்றி இந்த வாக்கியம் அவர் வாழ்க்கை முழுக்கக் கூடவே வந்தது. நம்மில் பலருக்கும் இது தெரிந்த வாக்கியம்தான். பள்ளியின் மதிப்பெண் அட்டையில், வேறு வார்த்தைகளில், சிவப்பு மையில் பார்த்திருப்போம். இந்த வாக்கியத்தில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. திறமை என்பது ஒரு கடன், அதை நீ அடைக்கவில்லை என்கிறது அது. யாருக்குப் பட்ட கடன் என்பதை மட்டும் சொல்வதில்லை.

அந்தப் பெயர் மாஸுக்கு எப்படி வந்தது? 1998இல், முதல் பருவத்திலேயே 17 டச்டவுன். மினசோட்டா அந்த ஆண்டு 15 ஆட்டம் ஜெயித்து ஒன்றில் மட்டும் தோற்றது. 2001 ஜூலையில் எட்டு ஆண்டுகளுக்கு 7.5 கோடி டாலர் ஒப்பந்தம். அதே ஆண்டு நவம்பரில் ஒரு பத்திரிகையாளரிடம், எனக்கு ஆடணும்னு தோணும்போது ஆடுவேன் என்கிற பொருளில் சொன்னார். அந்தப் பேச்சு அவர் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. பணத்தை வாங்கிக்கொண்டு ஓட மறுக்கிறவன் என்று.

இடையில் நடந்த ஒன்றை அந்த வாக்கியத்தோடு சேர்த்து யாரும் சொல்வதில்லை. 2001 ஆகஸ்ட் 1ஆம் தேதி, பயிற்சி முகாமின் கடும் வெயிலில் சுருண்ட கோரி ஸ்டிரிங்கர் என்கிற வீரர் வெப்ப வாதத்தால் இறந்துபோனார். மாஸின் அணி, மாஸின் நெருங்கிய நண்பர். அது பற்றிப் பேச வந்த மாஸ் காமிராக்கள் முன்னால் பேச முடியாமல் அழுதார். இதனால்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவர் ஏன் ஓடவில்லை என்பதை வெளியில் நின்று பார்க்கிறவர் எவ்வளவு சீக்கிரம் முடிவு செய்துவிடுகிறார் என்பதுதான் விஷயம்.

2005இல் ஆக்லாண்டுக்கு மாற்றப்பட்டார். 2006இல் அங்கே 13 ஆட்டங்களில் 42 பந்து பிடித்தார், 3 டச்டவுன். அந்த அணி 16 ஆட்டங்களில் இரண்டில்தான் ஜெயித்தது. மனசு சரியில்லாதபோது கவனம் குறைகிறது என்று மாஸே அப்போது வெளிப்படையாகச் சொன்னார். ஆள் முடிந்துவிட்டார் என்றார்கள். 2007இல் நான்காம் சுற்றின் ஓர் இடத்துக்கு பேட்ரியாட்ஸ் அவரை வாங்கியது. வருவதற்காக அவர் தன் சம்பளத்தைப் பெரிய அளவில் குறைத்துக்கொண்டார். அந்தப் பருவத்தில் 98 பந்து, 23 டச்டவுன். ஒரே பருவத்தில் அத்தனை பிடித்தவர் அதற்கு முன் யாருமில்லை. அணி 16க்கு 16 ஜெயித்தது.

அதே உடல், ஒரு வயது கூடியிருந்தது, சம்பளம் குறைந்திருந்தது. அப்படியென்றால் 'மோட்டிவேஷன்' என்பது ஒரு மனிதனுக்குள் இருக்கும் சரக்கு இல்லை. அது ஆளுக்கும் இடத்துக்கும் நடுவில் உண்டாகிற ஒன்று. ஆனால் டிரேட் நடக்கும்போது பழி முழுக்க ஆள் தலையில்தான் விழும்.

இம்மானுவேல் கான்ட் 1785இல் எழுதிய அறவியல் நூலில் இப்படி ஒருவர் வருகிறார். தன்னிடம் திறமை இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் வளர்த்துக்கொள்ள மனமில்லை, சுகமாக இருந்துவிடலாம் என்று நினைக்கிறார். அறிவுள்ள எவரும் இதை எல்லோருக்குமான விதியாக விரும்ப முடியாது என்கிறார் கான்ட். திறமையைத் துருப்பிடிக்க விடாமலிருப்பது ஒருவர் தனக்குத்தானே செய்ய வேண்டிய கடமை என்பது அவர் வாதம்.

எனக்கு இது பாதிதான் சரியாகப் படுகிறது. எனக்கு நானே பட்ட கடன் என்றால், அதைத் தள்ளுபடி செய்யும் உரிமையும் எனக்குத்தானே? முதலாளிக்குப் பட்ட கடன் என்று சொல்லலாமா? அதுவும் கஷ்டம். என்.எஃப்.எல் ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும் தொகையில் பெரும்பகுதிக்குப் பொதுவாக உத்தரவாதம் இருப்பதில்லை. அணிக்கு வேண்டாமென்றால் பாதியில் வெட்டிவிடலாம். அதற்கு 'வணிகம்' என்று பெயர். வீரர் பாதியில் மனம் விட்டால் மட்டும் 'நன்றிகெட்டவன்'. ஒரு பக்கம் கணக்கு, மறுபக்கம் விசுவாசம் என்றால் அது நியாயமான ஏற்பாடு இல்லை. 33 வயதில், கால்கள் இன்னும் எத்தனை நாள் என்று தெரியாத ஒருவர், "என்னை அடுத்த வருஷம் வச்சுப்பீங்களா?" என்று கேட்டதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

அப்படியானால் அவர் ஓடாமல் இருந்தது சரியா? இங்கேதான் ஆட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

மாஸ் 'வைட் ரிசீவர்'. தூரமாக ஓடிப்போய், குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிப்பது வேலை. ஆனால் அவர் ஓடுகிற ஓட்டங்களில் பெரும்பாலானவற்றில் பந்து அவருக்கு வராது. அப்போதும் அவர் முழு வேகத்தில் ஓட வேண்டும். அவர் ஓடினால் எதிரணியில் இரண்டு பேர் பயந்துபோய்க் கூடவே ஓடுவார்கள். அந்த இரண்டு பேர் விட்டுவிட்டுப் போன இடத்தில் இன்னொருவர் தனியாக நிற்பார். 2007இல் அந்த இன்னொருவர் வெஸ் வெல்கர். அந்தப் பருவத்தில் 112 பந்து பிடித்தார். அதில் எத்தனை பந்துக்குப் பின்னால் மாஸின் வெறுங்கை ஓட்டம் இருந்தது என்று எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

திருப்பிப் பாருங்கள். பந்து எனக்கு வராது என்று தெரிந்து நான் அரைவேகத்தில் ஓடினால் முதலாளிக்கு ஒன்றும் ஆகாது. மைதானம் நிரம்பியேதான் இருக்கும். யாரும் தனியாக நிற்க மாட்டார்கள். எறிய ஆளில்லாமல் குவார்ட்டர்பேக் பந்தோடு ஒரு விநாடி கூடுதலாக நிற்பார். அந்த ஒரு விநாடியில் நூற்று முப்பது கிலோ ஆள் ஒருவர் அவர் மேல் வந்து விழுவார். என் கோபம் முதலாளி மேல். அடி வாங்குவது பக்கத்தில் நிற்பவர்.

இதை நான் மைதானத்தில் கற்றுக்கொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், சம்பள உயர்வு தருகிறோம் என்று சொல்லிவிட்டுத் தரவில்லை. சண்டை போட எனக்குத் தைரியமில்லை. விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. எனவே 'அளவோடு' வேலை செய்ய ஆரம்பித்தேன். ஆறு மணிக்கு மூடிவிடுவேன். ஃபைலில் பிழை இருப்பது தெரிந்தாலும் அப்படியே அனுப்புவேன். குடுக்கிற காசுக்கு இது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லப்போனால் அதில் ஒரு வீரம்கூடத் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் மறந்துவிட்ட சார்ஜரை எடுக்க ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பிப் போனேன். பக்கத்து இருக்கையில் புதிதாகச் சேர்ந்த பெண் உட்கார்ந்து என் ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்தாள். தினமும் நடக்கிறதாம். ஒன்பதரைக்குக் கடைசி கேப். "பரவாயில்லண்ணா, நீங்க ஏதோ டென்ஷன்ல இருக்கீங்கன்னு நினைச்சேன்" என்றாள். என்னைவிட அவளுக்குச் சம்பளம் குறைவு. மேனேஜருக்கு நான் தண்டனை கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மேனேஜருக்கு அது தெரியவே தெரியாது.

என் கோபம் நியாயமானதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதைக் கொண்டுபோய் இறக்கிய முகவரி தப்பு.

அதனால் 2010 மாஸை நினைக்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. மனம் விட்டவர் என்று சொல்லித்தான் பலரும் அந்த டிரேடை நியாயப்படுத்தினார்கள். ஆனால் பேட்ரியாட்ஸுக்கு அந்தப் பருவத்தில் அவர் ஆடிய நான்கு ஆட்டங்களில் 9 பந்து, 3 டச்டவுன். அதில் ஒன்று, டேரல் ரெவிஸ் போன்ற ஒரு தடுப்பாட்டக்காரரைத் தாண்டி ஓடி ஒற்றைக் கையால் பிடித்தது. மனம் விட்டவர் பிடிக்கிற பந்தாக அது எனக்குத் தெரியவில்லை. ஆக்லாண்டில் அவர் செய்தது தப்பான முகவரி. மேடையில் நின்று ஒப்பந்தம் கேட்டது சரியான முகவரி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டோம்.

அவர் போன பிறகு பேட்ரியாட்ஸ் நன்றாகவே ஆடியது. அந்தப் பருவத்தில் 14 ஆட்டங்களில் வென்றது. அணியின் முடிவு கணக்குப்படி சரியாக இருந்திருக்கலாம். மினசோட்டா நான்கே ஆட்டங்களில் மாஸைக் கைவிட்டது. அடுத்துப் போன டென்னசியில் அவர் பிடித்தது மொத்தம் 6 பந்து. 2018இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

அந்தப் பெண் இப்போது வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கிறாள். நானும் அந்த நிறுவனத்தில் இல்லை. கிளம்பும் முன் சம்பளத்தைப் பற்றி மேனேஜரின் அறைக்குப் போய், கதவைத் திறந்துவைத்தே கேட்டேன். கிடைக்கவில்லை. ஆனால் கடைசி நாள் வரை ஃபைலைப் பிழை பார்த்துத்தான் அனுப்பினேன்.