தன்னை அறியும் கல்வி

பகையை எதிர்க்க வலிமை வேண்டும் என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். ஆனால் அவ்வலிமை தனக்கு உரியவரையே அழித்துவிடாதிருக்க என்ன வேண்டும்? இஃது அரசியலுக்கும் அறத்துக்கும் மட்டுமே உரிய கேள்வியன்று. நம் ஒவ்வொருவர் உடலும் விடை கண்டாக வேண்டிய கேள்வியுமாகும்.

மார்பெலும்பின் பின்னே தைமசு என்றொரு சிறு சுரப்பி உண்டு. மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த காலத்தில், 1872 இல், ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற உடற்கூற்று நூல் தமிழில் வெளிவந்தது. அன்று தைமசின் தொழில் உலகில் எவருக்கும் விளங்கியிருக்கவில்லை. புதிதாய்ப் பிறந்த எலிக்குஞ்சுகளிலிருந்து அதனை அகற்றிப் பார்த்த ஜாக் மில்லர் என்பார், அஃதின்றேல் நோயெதிர்ப்பு வலிமை செவ்வனே உருவாகாது என்பதை 1961 இல்தான் காட்டினார்.

என்பு மச்சையில் தோன்றும் இளங்கலங்கள் தைமசினுள் புகுந்து ‘ரி’ கலங்களாக முதிர்கின்றன. எதனைப் பற்றிக்கொள்வது என்ற அமைப்பை ஒவ்வொரு கலமும் தற்செயலாகவே பெறுகிறது. ஆகவே கிருமியைப் பற்றுவனவும் உண்டு. சொந்த உடலைப் பற்றுவனவும் உண்டு. சதையி வயிற்றில் இருக்கிறது; விழித்திரை கண்ணில் இருக்கிறது. மார்புக்குள் பயிலும் ஒரு கலம், தான் கண்டிராத அவ்வுறுப்புகளைத் தன்னுடையவை என்று எவ்வாறு அறியும்?

1997 இல் இனங்காணப்பட்ட ‘எயர்’ என்னும் பரம்பரையலகு இதற்கு விடை தந்தது. உடலின் எல்லாப் பரம்பரையலகுகளும் ஏறக்குறைய எல்லாக் கலங்களிலும் உள்ளன. ஆயினும் அவ்வவ்வுறுப்புக்கு வேண்டியவையே விழித்திருக்கும், ஏனையவை உறங்கும். எயர் ஆக்கும் புரதமோ, தைமசின் சில கலங்களில், உறங்குவனவற்றுள் ஆயிரக்கணக்கானவற்றை எழுப்பிவிடுகிறது. சதையிக்குரிய இன்சுலினும் விழித்திரைக்குரிய புரதங்களும் அங்கே சிறிதளவு உண்டாகின்றன. ஒரு கலம் சிலவற்றையே காட்டும். பல கலங்கள் கூடியே உடலின் பன்மையைக் காட்டுகின்றன. அவற்றை வன்மையாகப் பற்றும் இளங்கலங்களுள் பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. சில, பிற கலங்களின் சினத்தை அடக்கும் காவற் கலங்களாக மாறுகின்றன. எயர் அற்ற எலிகளில் படை தன் உறுப்புகளையே தாக்கும் என்பது 2002 இல் நிறுவப்பட்டது. எயர் பழுதுபட்டுப் பிறக்கும் குழந்தைகளிலும் அதிரீனல், பரதைரொயிட்டுச் சுரப்பிகள் அவ்வாறே சிதைவதுண்டு. அவ்வுறுப்புகள் செய்த குற்றம் யாதுமில்லை. கற்கும் பருவத்தில் அவை காட்டப்படவில்லை, அவ்வளவே.

இதனைப் படிக்கையில் நம் குடாநாட்டை நினையாதிருக்க முடியவில்லை. 1930 அளவில் பள்ளிகளில் சமஆசனம் என்ற பேச்சு எழுந்தபோது, ஒடுக்கப்பட்ட பிள்ளை நம் பிள்ளைக்கு அருகே வாங்கில் இருப்பதைப் பொறாமல் பள்ளிகளுக்கே தீ வைத்தோம். அருகில் இருந்து பாராதவனை நம்மவன் என்று எப்படி அறிவோம்? 1968 இல் மாவிட்டபுரத்தில் கோயிற் கதவை அவனுக்கு அடைத்து நின்றதும் அந்த அறியாமையின் தொடர்ச்சியே.

வண்ணார்பண்ணையில் பிறந்த அறிஞர் ஏ. எம். ஏ. அசீஸ் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றவர். அப்படியொரு வாங்கு நம்மிடம் இருந்தது. இருந்தும் 1990 ஒக்டோபரில், தமிழே பேசி நம்மிடையே தலைமுறைகளாய் வாழ்ந்த முஸ்லிம் மக்களை, விடுதலையின் பேரால் ஆயுதம் ஏந்தியோர் சில மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற்றினர். நம்மிற் பெரும்பாலோர் வாளாவிருந்தோம். 1981 இல் நம் நூலகத்தை எரித்த பகை பொய்யன்று; எதிர்க்கும் வலிமை வேண்டாம் என்பதும் நம் வாதமன்று. அவ்வலிமை தன் உடலை அறிந்திருக்கவில்லை என்பதே நாம் சொல்ல வருவது.

இவ்வுவமைக்கு எல்லை உண்டு என்பதையும் மறவோம். தைமசு பிழையான கலத்தைக் கொன்று திருத்துகிறது. மனித சமுதாயத்தில் அவ்வழியைத் தேடியவர்கள் எல்லோரும் தூய்மை என்ற பெயரில் கொலையையே வளர்த்தனர். கலம் வருந்தாது, மன்னிப்புக் கேளாது, மீண்டும் கற்காது. மனிதனால் இம்மூன்றும் இயலும். ஆதலின் இயற்கையிடமிருந்து நாம் கொள்ளவேண்டியது தண்டனையை அன்று, காட்டும் முறையையே.

பருவம் எய்தியபின் தைமசு சுருங்கிவிடுகிறது. அதன் கண்ணுக்குத் தப்பியவற்றை வாழ்நாள் முழுவதும் அடக்குபவை காவற் கலங்களே. அவற்றைக் கண்டறிந்தமைக்காக மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல், சிமோன் சகாகுச்சி மூவருக்கும் 2025 இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. நம் சினம் நம்மவர்மேல் திரும்பும்போது ‘நில்’ என்று தடுக்கும் குரல்கள் நம்மிடையே எத்தனை உள்ளன? அக்குரல்களைத் துரோகம் என்று தூற்றிய காலமும் நமக்கு உண்டு.

இளமையில் பள்ளி வாங்கும், முதுமையிலும் ஓயாத மனச்சாட்சியும் வேண்டும். வெளியேறியவர்களுட் சிலர் திரும்பி வந்திருக்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் நம் பிள்ளைகளுக்கு அருகே அமர்கின்றனரா என்று இன்றே சென்று பார்ப்போம்.