சங்க உரிமையும் பொது உரிமையும்

தொழிற்சங்கம் என்பது தன் உறுப்பினரின் நலன் காக்க எழுந்த அமைப்பாகும். உறுப்பினர் சந்தா செலுத்துகின்றனர்; சங்கம் அவர்களுக்காகப் பேசுகின்றது. இவ்வளவில் அறச்சிக்கல் எதுவுமில்லை. ஆயின், கோரப்படும் பொருள் மருத்துவமாக அமையுமிடத்து வினாவொன்று பிறக்கின்றது. சிகிச்சை பெறும் உரிமை ஒருவனுக்கு உறுப்பினன் என்பதனால் வருவதா, மனிதன் என்பதனால் வருவதா? மாத்தளை மாவட்டப் பாடசாலைகளிற் பணிபுரியும் கல்விசாரா ஊழியரின் நிலைகொண்டு இதனை ஆராயலாம்.

இவ்வினாவுக்கு மாத்தளையில் நீண்ட வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர், மன்னாரிலிருந்து காடுகளினூடே நடந்து மாத்தளையை அடைந்தனர். நோயினால் வழியிலேயே மாண்டோர் பலர். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் மருத்துவத்தைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கியது. அது நன்மையே. எனினும், தோட்டத் தொழிலாளி என்ற பதிவே அவர் பெற்ற மருந்துக்கு ஆதாரமாயிற்று. உழைப்பைப் பேணும் செலவாகவே அவரது உடல்நலம் எண்ணப்பட்டது.

நாட்டின் பொதுச் சுகாதார சேவை வேறொரு கொள்கையிலிருந்து வளர்ந்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபின் மக்களின் நலன் அரசியலின் பொருளாயிற்று. 1951இல் அரச வைத்தியசாலைக் கட்டணம் நீக்கப்பட்டது. 1971இல் சிறு கட்டணமொன்று மீண்டும் புகுத்தப்பட்டு 1977இல் ஒழிக்கப்பட்டது. வாயிலில் நிற்பவர் எத்தொழிலினர் என்று வினவாமையே இக்கொள்கையின் சிறப்பு. ஆயினும், 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு சுகாதாரத்தை அடிப்படை உரிமையாக வெளிப்படக் கூறவில்லை. ஆகவே இலவச மருத்துவம் நிலைபெறுவது சட்டத்தின் வலிமையால் மட்டுமன்று. அதனைக் கேட்டு நிற்கும் மக்களின் குரலாலுமாகும்.

இந்நிலையிற் பாடசாலையொன்றை நோக்குவோம். நிரந்தர நியமனம் பெற்ற காவலாளியும் ஆய்வுகூட உதவியாளரும் அரச ஊழியருக்கான ‘அக்ரஹார’ காப்புறுதிக்கு உரியவர். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தரும் சிறு கொடுப்பனவில் அதே வளாகத்தைப் பெருக்குபவருக்கு அவ்வுரிமை இல்லை. றத்தோட்டையிலோ எல்கடுவையிலோ கொழுந்து பறித்துப் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் தாய்க்கும் இல்லை. மூவரும் நோயுறுவர், மூவரையும் பிரிப்பது நியமனக் கடிதமொன்றே.

குறைந்த சம்பளம் பெறும் சிற்றூழியரிடம் உலகின் சுமையை ஏற்றுதல் முறையாகுமா என்று சிலர் வினவலாம். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்குதல் கூடாது. தன் பிள்ளையின் காய்ச்சலுக்கு மருந்து தேடுபவருக்கு உரிமை பற்றிய தத்துவம் ஆறுதல் தராது. சங்கம் காப்புறுதியை விரிவாக்கக் கோருவது தவறன்று. அக்கோரிக்கையோடு நின்றுவிடுதலே தவறாகும். காப்புறுதி கட்டணத்தை ஈடுசெய்யும். வைத்தியரையோ மருந்தையோ உண்டாக்காது. 2022 மார்ச் இறுதியில், பொருளாதார நெருக்கடியின்போது, பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டினால் முன்னரே திட்டமிட்டிருந்த சத்திரசிகிச்சைகளை ஒத்திவைக்க நேர்ந்தது. பொதுக் களஞ்சியம் வெறுமையாகும்போது, அரச வைத்தியசாலையை நாடியோர் அனைவரும், காப்புறுதி உடையோரும் இல்லாதோரும், ஒருங்கே காத்திருந்தனர்.

மேலும், அமைப்பாகத் திரண்டு பேசும் ஆற்றல் பெற்றோர் தனிவழி தேடிப் பொது வரிசையை விட்டு நீங்குவராயின், அவ்வரிசையில் எஞ்சுவோர் குரலற்றோராவர். கேட்பாரற்ற சேவை நலியும். அவ்வாறு நலிந்த சேவையை ஓய்வுபெற்ற காலத்தில் அதே சிற்றூழியர் நாடவேண்டியிருக்கும். எனவே பொது உரிமைக்காகப் பேசுதல் சங்கத்தின் தியாகமன்று. நெடுநோக்குடைய தன்னலமும் அதுவே.

வள்ளுவர் மருத்துவத்தை நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பணிபுரிபவர் என நான்காக வகுத்தார். துணைப்பணியாளரையும் மருத்துவத்தின் அங்கமாகக் கொண்ட சிந்தனை அது. பாடசாலையிற் குடிநீர்த் தாங்கியையும் கழிவறையையும் தூய்மை செய்பவரும் நோய் வருமுன் காப்பவரே. அவரது உழைப்பு எந்தப் பிள்ளை உறுப்பினரின் பிள்ளை என்று பார்ப்பதில்லை. அவ்வுழைப்பின் இயல்பு எதுவோ, அதுவே அவர்தம் சங்கக் கோரிக்கையின் இயல்பாகவும் அமைதல் வேண்டும்.