படத்தில் இருப்பவரும் இல்லாதவரும்

ஒரு நாட்டின் பழைய போட்டோப் படங்களைச் சுவரில் வரிசையாக மாட்டி, "இந்நாட்டை ஆக்கிய பெரியோர் இவர்களே" என்று காட்டும் வழக்கம் எங்கும் உண்டு. காண்போரும் அதனை ஐயமின்றி ஏற்றுக்கொள்கின்றனர். படம் பொய் சொல்லாது என்பது பொதுமக்களின் நம்பிக்கை. அது ஒருவாறு மெய்யே. ஆனால் பொய் சொல்லாதது முழு உண்மையையும் சொல்லிவிட்டதாகுமா? ஒருவருடைய உருவப்படம் எதற்குச் சாட்சி? அவருடைய பெருமைக்கா? அல்லது படமெடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு இருந்தது என்பதற்கு மட்டுமா?

சிலாங்கூரை எடுத்துக்கொள்வோம். அம்மாநிலத்தின் பழம்பெரும் பிரமுகர் என்று படங்களில் நாம் காண்பவர் சிலரே. 1857 முதல் 1898 வரை அரசு செலுத்திய சுல்தான் அப்துல் சமாத். கோலாலம்பூரின் சீனக் காப்பித்தானாக இருந்து 1885-இல் மறைந்த யாப் ஆ லோய். 1882-இல் ரெசிடெண்டாகப் பதவியேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம். நம்மவருள் தம்புசாமிப் பிள்ளை. 1850-இல் சிங்கப்பூரில் பிறந்த தம்புசாமிப் பிள்ளை, சிலாங்கூர் அரசாங்கக் கருவூலத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். 1893-இல் கோலாலம்பூரில் விக்டோரியா கல்விக்கூடம் தோன்றத் துணை நின்றவருள் ஒருவர். ரயில் பாதை வேலைக்கு இந்தியாவிலிருந்து ஆட்களை வருவிக்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. இவர்களைச் சிறியவர் என்று கூறுவது நம் நோக்கமன்று.

எனினும், அக்காலத்துப் படக்கலை எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்து, உலருமுன்னரே கழுவி முடிக்க வேண்டும். ஒளி பதியச் சில விநாடிகள் ஆகும். அதுவரை அசைதல் கூடாது. தலை ஆடாதிருக்கப் பின்புறம் இரும்புத் தாங்கி வைப்பதும் உண்டு. 1867-இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட லாம்பர்ட் நிலையம் போன்றவற்றில் அமர்ந்து உருவப்படம் எடுத்துக்கொள்ளப் பொருளும் ஓய்வும் வேண்டியிருந்தன. உட்காரப் பொழுதுள்ளவர் தெளிவாகப் பதிந்தனர். உழைப்போர் வேலை செய்கையிலேயே பதிந்தால், கை அசைந்த இடத்தில் மங்கலே மிஞ்சியது.

பின்னர் விரைவான தகடுகள் வந்தன. தொழிலாளரும் படத்தில் இடம் பெற்றனர். ஆனால் எவ்வாறு? துரைக்குப் பெயர் உண்டு; சூழ நின்றவர் 'தமிழ்க் கூலிகள்' மட்டுமே. நகையணிந்து நின்ற ஒருத்தியை 'தமிழ்ப் பெண்' என்று அச்சிட்டு அஞ்சலட்டையாக விற்றனர். அவளுக்கு ஒரு பெயர் உண்டென்று எவரும் நினைத்திலர். 1948-இல் அவசரகாலம் வந்தபோது, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரையும் அரசாங்கம் படமெடுத்து, பெருவிரல் ரேகையுடன் அடையாள அட்டை வழங்கியது. தோட்டத் தொழிலாளர் பலருக்கு அதுவே முதற் படமாக இருந்திருத்தல் கூடும். அங்கே பெயரும் முகமும் சேர்ந்தன. ஆயினும் அது அவர்களைக் கௌரவிக்க அன்று, கண்காணிக்க!

"பெயரறியாதவரைப் போற்றுவது எங்ஙனம்? கிடைத்தவரைப் போற்றுவதே இயல்பு" என்று சிலர் கூறலாம். கிடைத்தவரைப் போற்றுவதில் குற்றமில்லை. கிடைக்காதவர் இல்லாதவரே என்று முடிவு கட்டுவதுதான் குற்றம். பொறாமை கொண்டு பெரியோர் படங்களைக் கழற்றி எறிவதும் அறிவுடைமை ஆகாது. மாலையிட்டுக் கற்பூரம் காட்டுவதும் அவ்வாறே. கும்பிடுகிறவன் கேள்வி கேட்பதில்லை. படத்தின் முன் நின்று நாம் வினவ வேண்டும்: இவரால் யார் வாழ்ந்தனர்? இவருக்காக யார் உழைத்தனர்? 1886-இல் கோலாலம்பூரைக் கிள்ளானோடு இணைத்த ரயில் பாதையைப் போற்றும்போது, அதற்கு மண் சுமந்தவருள் எத்தனை பேர் ஊர் திரும்பினர் என்றும் கேட்க வேண்டும். கல்விக்கூடத்துக்கு உதவிய கையையும், கப்பலில் வந்து இறங்கிய கூட்டத்தையும் ஒருசேர நினைத்தல் வேண்டும். ஒன்று மற்றொன்றை அழிக்காது. இரண்டும் சேர்ந்ததே சரித்திரம்.

இக்குறையில் நமக்கும் பங்குண்டு. நம் வீட்டுத் தகரப் பெட்டிகளில் பாட்டன் பாட்டியரின் படங்கள் கிடக்கின்றன. தோட்டங்கள் விற்கப்பட்டுக் குடும்பங்கள் இடம் பெயர்ந்தபோது அவற்றுட் பல அழிந்தன. எஞ்சியவற்றின் பின்புறம் பெரும்பாலும் வெறுமையாகவே உள்ளது. அவர்களை இனங்கண்டு சொல்லக்கூடிய முதியோர் இன்னும் சில ஆண்டுகளே நம்மோடு இருப்பர். துரைமார் நம் முன்னோரின் பெயரை எழுதவில்லை என்று குறை கூறும் நாம், அவர்கள் பெயரை எழுதிவைத்தோமா? இன்றே அம்முதியோரருகில் அமர்ந்து, ஒவ்வொரு படத்தின் பின்னும் பெயர், பிறந்த ஊர், உழைத்த தோட்டம், ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதுவோம். அதற்குப் பணம் வேண்டுவதில்லை. ஒரு பென்சில் போதும்.