சிரிக்க வைப்பவரும் நலமாக இருக்கட்டும்
மலாய்த் திரையில் நம்மைச் சிரிக்க வைத்த பி. ரம்லி 1973இல் மாரடைப்பால் மறைந்தபோது அவருக்கு வயது 44. தமிழ்த் திரை நகைச்சுவை நடிகர் சந்திரபாபு 1974இல், 46 வயதில் கண்மூடினார். 2021இல் நகைச்சுவை நடிகர் விவேக்கையும் மாரடைப்பு பறித்தது; அவருக்கு வயது 59.

பீடோங் தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் சுங்கைப்பட்டாணி கல்யாண மண்டபத்திலும் மேடையேறும் நம் நகைச்சுவைக் கலைஞருக்கும் பாடு அதிகம். பகலில் தொழிற்சாலை, இரவில் நிகழ்ச்சி, நள்ளிரவில் மீ கோரேங், தே தாரேக், அரைகுறைத் தூக்கம். வீட்டில் துக்கம் இருந்தாலும் மேடையில் முகம் வாடக் கூடாது. கூட்டம் சிரிக்காத இரவின் வலியையும் அவர் தனியாகவே சுமக்கிறார்.

கைதட்டுவதோடு நிற்காதீர்கள். பேசிய சம்பளத்தை அன்றிரவே கொடுங்கள். நேரத்தோடு சோறு போடுங்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க அரசு கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். நம்மைச் சிரிக்க வைப்பவர் நெடுநாள் வாழ வேண்டும்.