உடனுழைப்போரிடம் ஒழுகும் நெறி



மாலை வேளைகளில் ஒரகடத்துத் தொழிற்சாலைகளிலிருந்து சீருடையோடு சந்நிதிக்கு வரும் இளைஞர்கள் அடியேனிடம் சொல்லும் குறைகளில் சம்பளத்தைப் பற்றியவை சில. உடன் வேலை செய்பவரைப் பற்றியவையே பல. முந்தைய ஷிப்டுக்காரர் இயந்திரத்தின் பழுதைக் குறிப்பேட்டில் எழுதாமல் போய்விடுகிறார். மேற்பார்வையாளரோ பின்னால் வந்தவரைக் கடிந்துகொள்கிறார். "இத்தகையவரிடம் இனிமையாகப் பேசுவது கபடம் ஆகாதா, ஸ்வாமி?" என்று ஒருவர் வினவினார். நியாயமான வினா.

நமக்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்பூதூரில் 1017-ஆம் ஆண்டு அவதரித்த உடையவருக்கே இச்சங்கடம் நேர்ந்ததாகக் குருபரம்பரை கூறும். திருவரங்கத்தில் கோயில் நிர்வாகத்தைச் சீர்திருத்த அவர் முற்பட்டபோது, சாவியும் அதிகாரமும் பெரிய கோயில் நம்பியிடம் இருந்தன. அவரோ இணங்கிவரவில்லை. அவரை விலக்கிவிடலாமா என்றுகூட உடையவர் எண்ணினார். ஆனால் நம்பி நெடுங்காலம் பெருமாளுக்குத் தொண்டு புரிந்தவர் என்பது நினைவூட்டப்படவே, அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். நம்பியைத் திருத்தும் பொறுப்பைக் கூரத்தாழ்வானிடம் ஒப்படைத்தார்.

ஆழ்வான் வாதிட்டு வெல்ல முயலவில்லை. பழகினார், சாத்திரப் பொருள்களை எடுத்துரைத்தார். பின்னர் நம்பியின் தாயார் பரமபதித்தபோது, பதினோராம் நாள் சடங்கில் அமுதுசெய்ய எவரும் எளிதில் முன்வராத அவ்விடத்தில் ஆழ்வான் அமர்ந்தார். அமுதுசெய்தவரிடம் "திருப்தியா?" என்று கேட்பது முறை. கோயில் பொறுப்பை உடையவருக்கு அளித்தாலே திருப்தி என்றார் ஆழ்வான். நம்பியும் அளித்தார்.

துக்க வீட்டில் இவ்வாறு கேட்டது முறையோ என்ற ஐயம் அடியேனுக்கும் நெடுநாள் இருந்ததுண்டு. மறுக்க இயலாத வேளையில் கேட்பது வற்புறுத்தல் அன்றோ? ஆனால் ஆழ்வான் தமக்கென எதையும் கேட்கவில்லை. கேட்டதை மறைத்தும் கேட்கவில்லை. கொடுத்தவரோ பின்னாளில் கசந்துகொள்ளவில்லை. ஆழ்வானையே ஆசாரியராகக் கொண்டு, திருவரங்கத்தமுதனார் என்ற திருநாமத்தோடு 108 பாசுரங்களால் உடையவரைப் பாடினார். அதுவே இராமாநுச நூற்றந்தாதி.

இதிலிருந்து ஓர் உரைகல் கிடைக்கிறது. நம் உள்நோக்கம் முழுவதையும் எதிரிலிருப்பவர் நாளை அறிய நேர்ந்தால் நாம் வெட்குவோமா? வெட்குவோமாயின் அது கபடம். இல்லையேல் அது நயம்.

அடியேன் இதைப் பட்டே கற்றேன். இளமையில் வேறோர் ஊரில் கைங்கர்யம் செய்த காலத்தில், தளிகை தாமதமாயிற்று என்று மடைப்பள்ளியில் இருந்தவரைச் சேவார்த்திகள் முன்னிலையில் கடிந்துகொண்டேன். தாமதம் உண்மை. ஆனால் விறகு நனைந்திருந்ததை மறுநாளே அறிந்தேன். அன்றுமுதல் அவர் கேட்டதற்கு மட்டுமே விடை சொல்வார். தாமாக எதையும் தெரிவிக்கமாட்டார். ஒருமுறை அரிசி குறைந்துபோனதும் கடைசி நேரத்தில்தான் அடியேனுக்குத் தெரிந்தது. மெய்யைச் சொன்னேன் என்ற திருப்தி அன்றைக்கு எதற்கும் பயன்படவில்லை.

கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் கண்ணன் வாக்கினால் ஆற்றும் தவத்தை விளக்குகிறான். பிறர் மனத்தைக் கலக்காமை, வாய்மை, இனிமை, நன்மை ஆகியவை அதில் ஒருங்கே அமையவேண்டும். இனிமைக்காக வாய்மையை விடுவதும் தவம் ஆகாது. வாய்மையின் பெயரால் புண்படுத்துவதும் தவம் ஆகாது.

ஆகவே அந்த இளைஞருக்கு அடியேன் சொன்னது இதுதான். பழுதை மறைக்காதீர்; இயந்திரத்தில் மறைத்த பழுது ஒருவர் கையையே வாங்கிவிடும். அதைக் குறிப்பேட்டில் அன்றே எழுதுங்கள். ஆனால் யாரையும் குற்றம்சாட்டாமல், கண்டதை மட்டும் எழுதுங்கள். பிறகு அவரைத் தனியே கண்டு, எழுதியதை நீங்களே சொல்லுங்கள். ஷிப்டு முடியும் அவசரத்தில் அவருக்கு என்ன தடை என்றும் கேளுங்கள். அதன்பின்னும் திருந்தாராயின், மேலவரிடம் முறையிடுவது குற்றமன்று. அதையும் அவர் அறியவே செய்யுங்கள்.

சில நாட்கள் கழித்து அவ்விளைஞர் மீண்டும் வந்தார். அவர் இன்னும் முழுதும் மாறவில்லை, ஆயினும் இப்போது பழுதை வாயாலாவது சொல்லிவிட்டுப் போகிறார் என்றார். ஆழ்வானுக்கும் ஒரே நாளில் சாவி கிடைத்துவிடவில்லை என்று சொல்லித் தீர்த்தம் சாதித்தேன்.