கொடி இறக்கும் காலம்

கழுகுமலைப் பாறையில் வரிசை வரிசையாய் அமர்ந்தருளும் தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கிய பின், அதே தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரைப் பகுதியையும் காண விரும்பித் திருச்செந்தூர் நோக்கிப் பயணப்பட்டோம். அது 2023ஆம் ஆண்டுப் பங்குனி மாதம். நாம் வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையும் விளைவித்து வாழ்ந்து வரும் குடியினர். ஆதலின் எவ்வூர் சென்றாலும், கடைவீதியைப் பார்க்கும் நம் கண் சற்று நேரத்தில் தோட்டந்துரவுப் பக்கம் திரும்பிவிடும். அன்று அவ்வாறு திரும்பியபோது கண்டவையே இங்கு எழுதப்படுகின்றன.

திருச்செந்தூருக்குத் தென்மேற்கே குதிரைமொழித் தேரி பரந்து கிடக்கிறது. கண்ணுக்கெட்டிய தொலைவு வரை செம்மணல். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றில் அம்மணல் எழுந்து இடம் பெயரும். அதைக் கட்டி நிறுத்தவே பனையும் முந்திரியும் உடைமரமும் அங்கே வளர்க்கப்பட்டன. ஊருக்கு வடக்கே, தாமிரபரணி கடலோடு கலக்குமுன் பாயும் ஆத்தூர்ப் பக்கத்திலோ நிலைமை நேர்மாறு. அங்கே வாழையும் நெல்லும் வெற்றிலைக் கொடிக்கால்களும் பச்சைப் பசேலென்று நிற்கின்றன.

இவ்வட்டாரத்தின் பருவ ஒழுங்கு வியப்புக்குரியது. தென்மேற்குப் பருவமழை இங்கே பெய்வதில்லை எனலாம். மேற்குத் தொடர்ச்சி மலை அதைத் தடுத்துவிடுகிறது. ஆயினும் பொதிகையில் பெய்யும் அந்த மழையே ஆற்று நீராகி, 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஸ்ரீவைகுண்டம் அணையின் கால்வாய்கள் வழியே இங்குள்ள குளங்களை வந்தடைகிறது. தன் தலையில் ஒரு துளியும் விழாத மழையைக் கொண்டு பயிர் செய்யும் நிலம் இது. இதன் சொந்த மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும். நம் துறவியர் மழைக்கால உயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாஸ்யம் நிறைவுறும் தறுவாயில் இங்கே மழை தொடங்குகிறது என்பதை எண்ணிச் சற்றே புன்னகைத்தோம். பருவம் எங்கும் ஒன்றே அன்று.

ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் 2023ஆம் ஆண்டிலேயே. நாம் கண்ட கொடிக்கால் அரை ஏக்கருக்கும் குறைவானது. முதலில் அகத்தியை விதைப்பர். அது வளர்ந்து நிழல் தரத் தொடங்கிய பின்னரே அதனடியில் வெற்றிலைக் கொடியை நட்டு, வளர வளர அகத்தியோடு சேர்த்துக் கட்டுவர். ஓராண்டில் கொடி பத்தடி உயரம் ஏறிவிடும். நாம் சென்றபோது அங்கே நடந்துகொண்டிருந்த வேலையைக் கண்டு முதலில் திகைத்தோம். செழித்து மேலே ஏறியிருந்த கொடிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கீழே இறக்கி, தண்டைச் சுருட்டி மண்ணுக்குள் புதைத்து, நுனியை மட்டும் வெளியே விட்டு மீண்டும் அகத்தியின் அடியில் கட்டிக்கொண்டிருந்தனர். ஓராண்டு ஏறியதை ஒரு நாளில் இறக்குவானேன் என்று வினவினோம்.

"மேல ஏறிக்கிட்டே போனா எல சிறுத்துப் போகும் அண்ணாச்சி. எறக்கி மண்ணுல வச்சாத்தான் மறுபடி தளுக்கும்" என்றார் கொடிக்கால்காரர்.

மண்ணில் புதைந்த கணுக்களிலிருந்து புதிய தளிர்கள் கிளம்புமாம். இதை அவர் தத்துவமாகச் சொல்லவில்லை; வேலையாகச் சொன்னார். நமக்குத்தான் தசதர்மத்தில் இரண்டாவதாகிய மார்தவம், அதாவது செருக்கின்மை, நினைவிற்கு வந்தது. ஐம்பது வயதைக் கடந்த நம்மில் பலரும் ஏறிய உயரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறோமே தவிர, இலை சிறுத்துவிட்டதா என்று பார்ப்பதில்லை. பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், சங்கத் தலைமையை விட்டு விலகியவர், பிள்ளைகள் கையில் நிலத்தை ஒப்படைத்தவர் ஆகியோருக்கு அது வீழ்ச்சியாகவே தோன்றுகிறது. மண்ணுக்குள் சென்ற கணுவுக்கும் அவ்வாறே தோன்றுமோ என்னவோ!

மண்ணைக் கொத்துவதும் களை பறிப்பதும் உயிர்க்கொலை ஆகாவோ என்று உடன் வந்த இளைஞர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. வேண்டுமென்றே செய்யும் கொலையை இல்லறத்தார் அறவே விலக்க வேண்டும் என்றும், வாழ்க்கைத் தொழிலில் தவிர்க்க இயலாது நேரும் ஊறு வேறு வகை என்றும் நம் பெரியோர் பிரித்துக் கூறினர். ஆதிநாதர் உலகோர்க்குக் கற்பித்த தொழில்களுள் உழவும் ஒன்று. ஆனால் 'தவிர்க்க இயலாது' என்னும் சொல்லை நாம் மிகத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம் என்பதே நம் கருத்து. பூச்சிமருந்துப் புட்டியைத் திறக்கும் கை, வேறு வழி உண்டா என்று ஒரு முறையேனும் தயங்கியதா? அந்தத் தயக்கத்திற்கு இடமில்லாத இல்லறத்தில் அகிம்சை அணுவிரதம் வெறும் பெயரளவே.

தேரி ஓரத்துப் பனைகளில் அது பதநீர்க் காலம். பாளையை நாள்தோறும் சீவிக் கலயத்தைக் கட்டுகின்றனர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். அதுவே உடன்குடிக் கருப்பட்டியாகிறது. சுண்ணாம்பு இல்லையேல் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். மரம் ஒன்று, பாளை ஒன்று, சாறும் ஒன்று. கள்ளான பின் எவ்வளவு சுண்ணாம்பைக் கொட்டினாலும் அது பதநீர் ஆகாது. வினை வந்து சேர்வதை ஊற்று என்றும், அதைத் தடுப்பதைச் செறிப்பு என்றும், சேர்ந்தது கழிவதை உதிர்ப்பு என்றும் நம் தமிழ் நூல்கள் வழங்குகின்றன. செறிப்பு என்பது சினம் பொங்கிய பின் பல்லைக் கடித்துக்கொள்வதன்று, கலயத்தை ஏற்றுமுன் பூசுவது என்பதை அப்பனையடியில்தான் தெளிவாக உணர்ந்தோம்.

உதிர்ப்பு இரு வகை. வினை தன் காலத்தில் தானே பழுத்துப் பயன் தந்து உதிர்வது ஒன்று. தவத்தால் அதனைக் காலத்திற்கு முன்னரே பழுக்கச் செய்து உதிர்ப்பது மற்றொன்று. இரண்டாவதற்கு, மரத்திலிருந்து பறித்துப் பழுக்க வைக்கும் மாங்கனியை உவமையாகச் சொல்வது நம் மரபு. தோட்டம் வைத்திருப்போர்க்கு இதில் அடங்கிய நுட்பம் விளங்கும். முற்றிய காயே வைக்கோலில் பழுக்கும். பிஞ்சை வைத்தால் வெம்பிச் சுருங்கும். கார்பைடு கல்லை வைத்தால் தோல் மட்டும் மஞ்சளாகும், உள்ளே புளிப்பு மாறாது. சட்டமும் அதைத் தடை செய்துள்ளது. ஆக, காலமா முயற்சியா என்னும் பழைய வழக்கில் மாங்காய் இரு தரப்பிற்கும் சாட்சி சொல்கிறது. பிறர் மெச்ச மேற்கொள்ளும் உபவாசங்களைப் பற்றிய நம் எண்ணத்தை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் எழுதிப் பாதியில் வைத்திருந்தோம். பிறகு அவ்வாண்டு டிசம்பர் வந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக்கடற்பகுதியில் நிலவிய மேலடுக்குச் சுழற்சியால் தென்மாவட்டங்களில் பேய்மழை கொட்டியது. 18ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. மழை பதிவாயிற்று. அம்மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையினும் இது மிகுதி. தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன, வாழையும் கொடிக்கால்களும் நீரில் மூழ்கின. வெற்றிலைக் கொடிக்கு நீர் வேண்டும், ஆனால் வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும்.

அந்நாளில் நம் உறவினர் கூடியிருந்த இடத்தில் இது குறித்துப் பேச்சு எழுந்தது. "என் செய்வது, அவரவர் வினை" என்றார் ஒருவர். நாமும் தலையசைத்தோம். மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பேச்சு உடனே வேறு பக்கம் திரும்பிவிட்டது.

அத்தலையசைப்பு பல நாள் நம்மை உறுத்தியது. எவருக்கு எவ்வினை எப்போது பழுக்கிறது என்பதை முழுதுணர்ந்த கேவலி அறிவார், நாம் அறியோம். நாம் அறிந்தது மழையளவு மட்டுமே. வினைக் கொள்கை நம் தோட்டத்துக் களையைப் பறிக்கத் தரப்பட்ட களைக்கொத்து. அதை எடுத்துக்கொண்டு அயலார் வேலியைத் தாண்ட நமக்கு உரிமையில்லை. அதைவிடக் கூர்மையான ஒன்றும் உண்டு. கொடிக்கால்காரர் பட்ட துன்பம் அவருக்கு உதிர்ப்பாக இருந்திருக்கலாம். அதைக் கேட்டு நெஞ்சு இளகாமல் நாம் அசைத்த தலை நமக்கு ஊற்றாயிற்று. அவர் கணக்கில் கழிந்துகொண்டிருந்த வேளையில் நம் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. கலயத்தில் சுண்ணாம்பு பூசாதவர் யாம்.

2024 ஆனி மாதம் மீண்டும் ஆத்தூர் சென்றோம். பழைய கட்டுரையை முடிக்க என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் அவரைப் பார்க்கவே. தேரிப் பக்கம் காற்று தொடங்கியிருந்தது. கொடிக்கால் இருந்த இடத்தில் கொடியில்லை. பாத்திகளை புதிதாக வெட்டியிருந்தனர். ஓரங்களில் வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணலை அள்ளிக் குவித்திருந்தனர். அவர் நம்மை அடையாளம் கண்டு வரவேற்றார். ஆறுதல் சொல்லத் தயார் செய்து கொண்டுபோன சொற்கள் அங்கே பயன்படவில்லை. மணல் அள்ளிய கூலியைப் பற்றியும், விதைக்கொடி கிடைப்பதில் உள்ள தொல்லையைப் பற்றியும் கடுமையாகக் குறைகூறினார். கேட்டுக்கொண்டே அவரை நெருங்கப் பாத்திக்குள் காலை எடுத்து வைத்தோம்.

"பாத்து வாங்க அண்ணாச்சி, அகத்தி முளச்சிருக்கு" என்றார்.

குனிந்து பார்த்தோம். விரல் நீள நாற்றுகள், வரிசையாக. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வரப்பைச் சுற்றி அவரிடம் சென்றோம்.